லாத்வியன் கற்க ஒரு குறுக்கு வழி: ஆங்கில ஃப்ரேஸல் வெர்ப் பட்டியலை வலமிருந்து இடமாகப் படியுங்கள்

லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டம் போட்ட நோட்டு சமையலறை மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கும். இடது பக்கம் ஆங்கில ஃப்ரேஸல் வெர்ப்கள், அதாவது ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருபவை: கிவ் அப், லுக் ஆஃப்டர், டேக் ஆஃப். வலது பக்கம் அவற்றுக்கான லாத்வியன். பரீட்சைக்காக அவள் இடமிருந்து வலமாக நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ இடது பக்கம் ஏற்கெனவே தெரியும், வலது பக்கம்தான் வேண்டியிருந்தது. அன்று இரவே அவளிடம் கேட்டு எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் வகுப்புக்குப் போயும் பிடிபடாதது அந்த நோட்டில் பிடிபட்டது.

லாத்வியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, ஆங்கிலம் ஓரளவு கைவசம் வைத்துக்கொண்டு, லாத்வியனை எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே ஒப்பேற்றிவிடலாம். ஆனால் நிரந்தர வசிப்புரிமை கேட்டால் அரசு மொழித் தேர்வில் ஏ2 நிலை (எளிய அன்றாடப் பேச்சு அளவு) காட்ட வேண்டும். அதற்கும் முன்னால் மருந்துக் கடைக்காரரிடமும் டிராம் ஓட்டுநரிடமும் பேச வேண்டும்.

ஆங்கிலம் வழியாக இன்னொரு மொழியா என்று கேட்கலாம். லாத்வியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் இன்று பேச்சில் இருக்கும் ஒரே உறவுக்கார நாட்டு மொழி லித்துவேனியன். ஆகவே சொற்களைப் பார்த்து ஊகிக்க நமக்கு வழியில்லை. ஆனால் சொற்களைக் கட்டும் விதத்தை ஊகிக்கலாம். ஆங்கிலம் வினைக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட் என்று ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுகிறது. லாத்வியன் அதே வேலையை வினைக்கு முன்னால் ஒரு முன்னொட்டை வைத்துச் செய்கிறது. தமிழில் நாம் எழுதிவிடு, எழுதிக்கொள், எழுதிவை, எழுதித்தள்ளு என்று இன்னொரு வினையை வாலாகக் கட்டுகிறோம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நான் சொல்லும் முறை.

முதலில் காது

பட்டியலைத் தொடுமுன் இரண்டு நாள் எழுத்துக்குக் கொடுங்கள். லாத்வியனில் 33 எழுத்துகள். உயிர் எழுத்தின் தலையில் கோடு இருந்தால் அது நெடில், இல்லையென்றால் குறில். ஆங்கிலேயர்கள் இதில்தான் திணறுவார்கள், நமக்கு இது பிறவிச் சொத்து. அலட்சியம் மட்டும் வேண்டாம்: கஸஸ் என்றால் ஆடுகள், காஸஸ் என்றால் கல்யாணம். 'அடுத்த சனிக்கிழமை ஆடுகளுக்குப் போகிறேன்' என்று சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

இன்னொரு வசதி, அவர்களுடைய த ஒலி நம் 'த' போலவே பல்லைத் தொட்டு வரும். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' என்று சொல்லிவிடாதீர்கள். ஒ என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலும் 'உஒ' என்று சறுக்கிச் சொல்வார்கள். அழுத்தம் எப்போதும் முதல் அசையில் என்று புத்தகம் சொல்லும். ஆனால் புதிதாக வந்தவர் முதல் நாளே கற்கும் பல்தியெஸ் (நன்றி), லப்தியென் (வணக்கம்) இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். விதிவிலக்கை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நான் தமிழ் எழுத்தில் தரும் உச்சரிப்பு கைத்தடி மாதிரி. உங்கள் நோட்டில் லாத்விய எழுத்திலேயே எழுதுங்கள்.

பெயர்ப்பலகைகளே முதல் பாடம்

வினை முன்னொட்டுகள் மொத்தம் 11: அய்ஸ், அப், அத், இயெ, இஸ், நுஒ, ப, பார், பியெ, ஸ, உஸ். இவற்றை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஊரே உங்களுக்குச் சொல்லித்தரும்.

ரீகா விமான நிலையத்தில் இறங்கியதுமே இரண்டு பலகைகள் கண்ணில் படும். இயெலிதுஒஷன என்றால் வருகை, இஸ்லிதுஒஷன என்றால் புறப்பாடு. நடுவில் இருப்பது பறத்தல். இயெ என்றால் உள்ளே, இஸ் என்றால் வெளியே. கடைக்குப் போனால் நுழைவாசலில் இயெஎயா, வெளிவாசலில் இஸ்எயா. சாலையைக் கடக்கும் இடம் பார்எயா. பார் என்றால் குறுக்கே, மேலாக. ரயில் நிலையத்தில் புறப்படும் நேரத்துக்கு மேலே அத்இயெஷன என்றும், வந்து சேரும் நேரத்துக்கு மேலே பியெனாக்ஷன என்றும் இருக்கும். அத் என்றால் விலகி, பியெ என்றால் நெருங்கி. துணிக்கடைக் கண்ணாடியில் இஸ்பார்துஒஷன என்று சிவப்பில் எழுதியிருப்பது தள்ளுபடி விற்பனை. ஆங்கிலத்தில் செல் அவுட் என்கிறோமே, அதில் உள்ள அவுட்டும் இந்த இஸ்ஸும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு வாரம் இப்படி நடந்தால் ஐந்து முன்னொட்டு காசில்லாமல் கைக்கு வந்துவிடும். இந்த வாரத்தில் வேறு எதையும் படிக்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து.

ஒரு வினையைப் பிடித்து உலுக்குங்கள்

அடுத்த வாரம் பட்டியல். ஆனால் அகர வரிசையில் போகக் கூடாது. ஒரே ஒரு வினையை எடுத்து அதோடு சேரும் முன்னொட்டுகளைப் பாருங்கள். எனக்குக் கைகொடுத்தது ரக்ஸ்தீத், அதாவது எழுது.

பியெரக்ஸ்தீத் என்றால் குறித்துக்கொள், ஆங்கிலத்தில் ரைட் டவுன். அத்ரக்ஸ்தீத் என்றால் பதில் எழுது, ரைட் பேக். நுஒரக்ஸ்தீத்துக்கு இரண்டு முகம்: பரீட்சையில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவதும் அதுதான், வராக்கடனைக் கணக்கிலிருந்து தள்ளுவதும் அதுதான். பின்னது ஆங்கிலத்தின் ரைட் ஆஃப். இயெரக்ஸ்தீத் என்றால் உள்ளே எழுது. ஒலிப்பதிவு செய்வதற்கும் இதே சொல். அப்ரக்ஸ்தீத் என்றால் விவரி. அப் என்பது சுற்றி என்ற பொருள் தருவது, ஒன்றைச் சுற்றி எழுதினால் விவரிப்பு. பார்ரக்ஸ்தீத் என்றால் திருத்தி மறுபடி எழுது. பரக்ஸ்தீத் என்றால் கையெழுத்துப் போடு. கடைசி இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களா, முழுக்கத் திருப்பி எழுதச் சொல்கிறார்களா என்பது ஒரு நெடிலிலும் ஒரு 'ர்'ரிலும் இருக்கிறது.

இஸ்ரக்ஸ்தீத்தை மருத்துவமனையில் கேட்பீர்கள். மருத்துவர் மருந்து எழுதிக்கொடுப்பதற்கும், நோயாளியை டிஸ்சார்ஜ் செய்வதற்கும் அதே வினை. சீட்டில் எழுதி வெளியே தருகிறார். பெயரை எழுதி ஆளை வெளியே அனுப்புகிறார். முதல் தடவை காய்ச்சலோடு போய் இந்தச் சொல்லைக் கேட்டபோது என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்து எழுந்துவிட்டேன். மாத்திரைச் சீட்டைத்தான் நீட்டியிருந்தார்கள்.

எழுது முடிந்ததும் பார் என்ற வினை. ஸ்கத்தீத்தியெஸ் என்றால் பார். பியெஸ்கத்தீத் என்றால் பார்த்துக்கொள், லுக் ஆஃப்டர். அப்ஸ்கத்தீத் என்றால் சுற்றிப் பார். மூன்று மொழியும் ஒரே இடத்தில் வந்து நின்ற இந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. பார்ஸ்கத்தீத் என்றால் மேலோட்டமாகச் சரிபார், லுக் ஓவர். ஆனால் இஸ்ஸைச் சேர்த்து இஸ்ஸ்கத்தீத்தியெஸ் என்றால் 'வெளியே பார்' இல்லை, 'தோற்றமளி'. முன்னொட்டுத் திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்காது. திறக்காத இடத்தில் மல்லுக்கட்டாமல் அப்படியே மனதில் போட்டுக்கொண்டு நகருங்கள்.

அந்த 'தியெஸ்' வாலையும் கவனித்திருப்பீர்கள். செயல் செய்பவரிடமே திரும்பும்போது அது வரும். மாத்ஸீத் என்றால் கற்பி, மாத்ஸீத்தியெஸ் என்றால் கற்றுக்கொள். நம்முடைய 'கொள்' இங்கே கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனாலும் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இந்த வாலை விளக்க அரை மணி நேரம் ஆகும், தமிழருக்கு ஒரு வரி போதும்.

தனிச்சொல்லாக எழுதாதீர்கள்

அந்த எட்டாம் வகுப்பு நோட்டில் ஒரு குறை இருந்தது. கிவ் அப் என்பதற்கு எதிரே பதுஒத்தியெஸ் என்று ஒரே ஒரு சொல். அதைப் பிரித்தால் அழகாக இருக்கும்: துஒத் என்றால் கொடு, முன்னால் ப, பின்னால் தியெஸ். ஆனால் அது தோல்வியை ஒப்புக்கொண்டு சரணடைவது. சிகரெட்டை விட்ட நண்பரைப் பற்றி 'பதுஒத்தியெஸ்' என்றால் சிகரெட்டிடம் அவர் சரணடைந்த மாதிரி ஆகிவிடும். கெட்ட பழக்கத்தை விடுவதற்கு அத்மெஸ்த், அதாவது தூக்கி எறி. டிராமில் வயதானவருக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பதற்கு அத்துஒத். ஆங்கிலத்தில் மூன்றும் கிவ் அப். தமிழில் கைவிடு, விட்டொழி, விட்டுக்கொடு என்று நாமும் பிரித்துத்தான் சொல்கிறோம்.

ஆகவே வினையைத் தனியாக எழுதாமல் அதோடு ஒரு பெயரைச் சேர்த்து எழுதுங்கள். டேக் ஆஃப் என்று எழுதாமல், ஜாக்கெட்டை நுஒவில்க்த், தொப்பியை நுஒஞெம்த், விமானம் பத்ஸெல்தியெஸ் என்று மூன்று வரி எழுதுங்கள். டர்ன் ஆன், டர்ன் ஆஃப் இரண்டும் சுலபம்: இயெஸ்லேக்த், இஸ்ஸ்லேக்த். விளக்கு, ஹீட்டர், போன் எல்லாவற்றுக்கும் செல்லும். ஒரு நாளைக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அங்கி (Anki) மாதிரியான, கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டும் செயலியில் போட்டுவைத்தால் மறக்கப்போகும் நேரத்தில் அதுவே திருப்பிக் கேட்கும்.

ஐயம் வந்தால் தேஸவுர்ஸ் என்ற இணைய அகராதியைப் பாருங்கள். லாத்வியப் பல்கலைக்கழகத்தின் கணித, கணினியியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். வினையின் எல்லா வடிவங்களையும் அட்டவணையாகக் காட்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஃப்ரேஸல் வெர்ப்பைத் தனியாகப் போட்டால் முதலில் தோன்றும் சொல்லோடு திருப்திப்பட்டுவிடுவோம். முழு வாக்கியமாகப் போடுங்கள்.

முடிந்ததா, முடியவில்லையா

இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட நல்ல வழிகாட்டி. ஆங்கிலத்தில் ஈட் அப், டிரிங்க் அப் என்று சொல்லும்போது அப் என்பதற்கு மேலே என்ற பொருள் இல்லை, மிச்சமில்லாமல் முடி என்றுதான் பொருள். நாம் சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்போம். லாத்வியனில் ஏஸ்த் என்றால் சாப்பிடு, அபேஸ்த் என்றால் சாப்பிட்டு முடி. த்ஸெர்த் என்றால் குடி, இஸ்த்ஸெர்த் என்றால் குடித்துத் தீர். லஸீத் படி, இஸ்லஸீத் படித்து முடி. பிர்க்த் வாங்கு, நுஒபிர்க்த் வாங்கிவிடு.

எந்த வினைக்கு எந்த முன்னொட்டு 'விடு' வேலையைச் செய்யும் என்பதற்குப் பொது விதி தேடி நான் வீணாக்கிய வாரங்கள் இரண்டு. தேடாதீர்கள், ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். 'எஸ் லஸீயு க்ராமத்து' என்றால் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், முடித்தேனா என்பது தெரியாது. 'எஸ் இஸ்லஸீயு க்ராமத்து' என்றால் கடைசிப் பக்கம் வரை போயாயிற்று. பேராசிரியர் கேட்கும்போது இந்த இரண்டெழுத்து முக்கியம்.

பேச்சில் மட்டும் கேட்பது

புத்தகத்தில் முன்னொட்டு என்றால், பேச்சில் ஆங்கிலம் போலவே பின்னால் ஒரு சொல் வைப்பதையும் கேட்பீர்கள். இயெக்ஷா உள்ளே, ஆரா வெளியே, அவுக்ஷா மேலே, ப்ருஒம் அப்பால், வல்யா திறந்து, த்ஸியெத் மூடி. கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'நாத்ஸியெத் இயெக்ஷா!' என்று குரல் வரும், 'உள்ளே வாங்க'. நாத்ஸ் என்றால் வா, நாத்ஸியெத் என்றால் வாங்க. நீ, நீங்கள் வேறுபாடு அவர்களிடமும் உண்டு: து, யூஸ். ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது இந்த மரியாதை காணாமல் போய்விடும். நோட்டில் ஒவ்வொரு ஏவல் வினையையும் இரண்டு வடிவத்திலும் எழுதுங்கள். காரணம் கீழே.

மரபுத்தொடர்கள்: புரிந்துகொள்ள நிறைய, பேச கொஞ்சம்

ஆங்கில இடியம்களுக்கு எதிரே லாத்வியன் எழுதிய பக்கங்கள்தான் அந்த நோட்டிலேயே சுவையானவை. சிலவற்றைப் பார்த்தால் நம் ஊர் நினைவு வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இங்கே ஒரே சுடலில் இரண்டு முயல்: 'அர் வியெனு ஷாவியெனு திவுஸ் ஸக்யுஸ்'. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதை இவர்கள் ஈயை யானையாக்குவது என்பார்கள். யானை இல்லாத நாட்டில் யானை! கஸ் பர் தவுத்ஸ், தஸ் பர் ஸ்காதி என்றால் அளவு மீறினால் கேடு. அமுதும் நஞ்சும் இல்லை, ஆனால் கருத்து அதுவே.

சில முற்றிலும் அவர்களுடையவை. நடக்கவே நடக்காது என்பதற்கு, கத் பூத்ஸெய் அஸ்தெ ஸியெதேஸ், ஆந்தையின் வால் பூக்கும்போது. ஆங்கிலேயர் பன்றியைப் பறக்க விடுகிறார்கள், நாம் குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்கிறோம். பொய் அளப்பது பூஸ்த் பீலீத்தெஸ், வாத்துக் குஞ்சுகளை ஊதுவது. வசதியாக வாழ்வது கொழுப்புக்குள் சிறுநீரகம் மாதிரி இருப்பது. குளிர்நாட்டுக் கசாப்புக் கடையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவருக்கு நல்லது நடக்கட்டும் என்று ஆங்கிலத்தில் விரல்களைக் கோத்துக்கொள்வார்கள், இங்கே கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வார்கள்: துரேத் ஈக்ஷ்க்யுஸ். இதை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேர்வுக்குப் போகும் நண்பரிடம் சொன்னால் முகம் மலரும்.

முன்பு சொன்ன கிவ் அப் இங்கேயும் தலைகாட்டும். மனம் தளர்ந்து பாதியில் விடுவது மெஸ்த் ப்லின்தி க்ரூமுஒஸ், துப்பாக்கியைப் புதருக்குள் எறிவது. ஒரு ஃப்ரேஸல் வெர்ப்புக்கு நேராக ஒரு வினையும் ஒரு மரபுத்தொடரும் எழுதிவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நினைவில் பிடித்துக்கொள்ளும்.

இனி என் மானம் போன கதை. லாத்வியர்களுக்குக் காளான் பொறுக்குவது பொழுதுபோக்கு மட்டுமில்லை, ஏறக்குறைய வழிபாடு. அதற்கென்றே தனி வினை உண்டு: ஸேஞுஒத், காளான் பொறுக்கு. பெக்க என்பது ஒரு வகைக் காளான், அதைப் பொறுக்குவது பெக்குஒத். செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் என் மேலாளர், வார இறுதியில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். நான் நோட்டில் பார்த்த தொடரைப் பெருமையாக எடுத்துவிட்டேன்: 'எய் பெக்குஒத்!' காளான் பொறுக்கப் போங்களேன் என்பது என் எண்ணம். அறை ஒரு நொடி அமைதியாகி, பிறகு சிரிப்பில் வெடித்தது. அந்தத் தொடருக்குப் பொருள் 'போய் வேலையைப் பார்', 'என்னை விடு' என்பது. போதாக்குறைக்கு 'எய்' என்பது 'போ'. 'போங்க' என்றால் 'எய்யெத்'. மேலாளரை ஒருமையில் விரட்டியிருக்கிறேன்.

அதிலிருந்து மரபுத்தொடர்களுக்கு எதிரே மூன்று குறி போடுகிறேன். யாரிடமும் சொல்லலாம் என்றால் வட்டம், நண்பர்களிடம் மட்டும் என்றால் கோடு, காதால் கேட்க மட்டும் என்றால் பெருக்கல் குறி. லாத்வியர் ஒருவர் வாயால் இரண்டு முறையாவது கேட்காத எதற்கும் வட்டம் கிடையாது.

வாரக் கணக்கு

முதல் வாரம் எழுத்தும் பலகைகளும். அடுத்த மூன்று வாரத்துக்கு வாரம் ஒரு வினை: எழுது, பார், போ. 'போ' சற்றுப் பெரியது. நடந்து போனால் இயெத், வண்டியில் போனால் ப்ரவுக்த், இரண்டுக்கும் தனித்தனியே முன்னொட்டுகள் சேரும். ஆங்கிலத்தின் கோ அவுட் நடந்தால் இஸ்இயெத், காரில் கிளம்பினால் இஸ்ப்ரவுக்த். ஐந்தாம் வாரம் முதல் ஆங்கிலப் பட்டியலை எடுத்து லாத்வியன் பக்கத்தை மட்டும் தெரியவைத்து, ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு ஊகியுங்கள். ஊகம் தப்பானால் நோட்டில் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டுத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் வேண்டாம், லாத்வியனுக்கு நேரான தமிழ் வேண்டும். பல நேரம் ஆங்கிலத்தை விட அது கிட்டே போய் நிற்கும்.

பட்டியலுக்கு எங்கே போவது? பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் கிடைக்கும். பழைய புத்தகக் கடைகளில் லாத்வியப் பள்ளிகளின் ஆங்கிலப் பயிற்சி நூல்கள் கிடைத்தால் அதிலும் இருக்கும். லாத்விய மொழி முகமையின் இணையதளத்தில் வெளிநாட்டவருக்கான இலவசப் பயிற்சிகளும் உண்டு, கேட்டுப் பழக அவை நல்லவை.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. என் மூன்றாவது பத்தியைப் பார்த்துவிட்டு அவளும் சில தமிழ்ச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். போன வாரம் 'எழுதித்தள்ளு' என்பதற்கு எந்த முன்னொட்டு என்று கேட்டேன். ஸ என்றாள், பிறகு இல்லை என்றாள், அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.